சூடேறினால் மெல்ல ஓடும் பெட்டி

கூரியரில் வந்த உறையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகமாயிருந்தது. பிரித்ததும் உள்ளங்கையில் விழுந்தது ஒரு பச்சை அட்டை. சூயிங்கம் பட்டையின் நீளம், அதைவிடக் கொஞ்சம் அகலம். மேலே எறும்புகள் வரிசை கட்டி நின்று அப்படியே உறைந்துபோன மாதிரி ஈயப் புள்ளிகள். நடுவில் நகத்தளவு ஒரு கறுப்புச் சதுரம். புனேயில் படிக்கும் மகள் போனில் முகம் காட்டி, "யஹீ ஹை அப்பா, ஃபுல் கம்ப்யூட்டர்" என்றாள், இதுதான் முழுக் கம்ப்யூட்டர் என்று. எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன். அவள் அப்போது நாக்கில் எந்த மொழி நிற்கிறதோ, இந்தியோ தெலுங்கோ, அதில் பதில் சொல்வாள்.

விசிறி இல்லை, மூடி இல்லை, அமுக்க ஒரு பொத்தான்கூட இல்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஓரிடத்தில் நின்று எதையும் பார்க்கத் தெரியாது. அதைக் கையில் ஏந்தியபடியே கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நாலு தடவை நடந்திருப்பேன். ஊதினால் பறக்கும்போல இருந்த அந்த அட்டைக்குள் ஒரு காலத்து விளையாட்டுக்கூடங்கள் அத்தனையும், அவற்றின் இரைச்சலோடு, அடங்கிக் கிடக்கும் என்று மகள் சொன்னதை என் கை நம்ப மறுத்தது. கைக்கு எடைதானே தெரியும்.

அதை வாங்கியது மனைவியின் இடது கைக்காக.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. ஊசி பிடிப்பது வலது கை என்றாலும் வித்தை இடது கையில்தான் இருக்கிறது என்பாள். இடது கட்டைவிரல்தான் நரம்புக்குக் கீழே தோலை இழுத்துப் பிடிக்கும். இல்லையென்றால் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். கீமோ எடுத்து நரம்பெல்லாம் சுருங்கிப்போனவர்கள், மூன்று நாள் குழந்தைகள், யாரிடமும் கிடைக்காத நரம்பு அவளுக்குக் கிடைக்கும். மற்றவர்கள் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜூலை மழையில், மெட்டுகுடா இறக்கத்தில் ஸ்கூட்டி வழுக்கி, அந்த இடது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்தார்கள். மாவுக்கட்டுப் பிரித்த அன்று கை வற்றிப்போயிருந்தது. விரல்கள் நாலும் எப்படியோ மடங்கின. கட்டைவிரல் மட்டும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பூனைமாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் நவம்பர் கடைசிவரை பொறுத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் கை வராவிட்டால் பில்லிங் கவுன்ட்டர்.

"பில்லிங்ல ஒக்காந்தா என்னா இப்போ? உக்கார்ற வேலைதானே, சுகம்தானே?" என்று நான் ஒரு நாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"நக்கோ" என்றாள். அவ்வளவுதான். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேண்டாம் என்பதைவிட நக்கோ கெட்டியான சொல்.

பிஸியோதெரபிஸ்ட் ஒரு மஞ்சள் பந்து கொடுத்திருந்தார். காலையில் இருபது, மாலையில் இருபது பிசையவேண்டும். அவள் ஏழெட்டோடு நிறுத்திவிட்டு அதைப் பழக்கூடையில் எலுமிச்சையோடு போட்டுவிடுவாள். "பந்து பதில் பேசாதுங்க. பேசாத ஒண்ணை எவ்ளோ நேரம் அமுக்கறது?"

அதற்குத்தான் மகள் இந்த யோசனை சொன்னாள். பழைய ஆளுயர விளையாட்டுப் பெட்டிகளில் ஜாய்ஸ்டிக் இடது கைக்கு, பொத்தான்கள் வலது கைக்கு. கப்பலை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் ஓட்டவேண்டும் என்றால் இடது கட்டைவிரல் விரிந்துதான் ஆகவேண்டும். விட்டால் கப்பல் போய்விடும். பந்து பதில் பேசாது, இது பேசும்.

பெட்டி செய்ய ஆள் சொந்தத்திலேயே இருந்தார். மனைவியின் அண்ணன், என் மச்சான், லாலாகுடா பட்டறையில் ரயில் பெட்டிகளுக்கு ஒயரிங் செய்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தார். பச்சை அட்டையை அவர் கையில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது. இதுக்கா நா ஆள் ஒசரத்துக்குப் பொட்டி செய்யணும்? தாயத்துல வச்சி இவ கையிலயே கட்டிவுட்டுறலாமே."

"டிவி இருக்குது, ஸ்பீக்கர் இருக்குது, அதெல்லாம் எங்க வைக்கிறதாம்?" என்றாள் மனைவி.

"அப்போ டிவிக்குப் பொட்டின்னு சொல்லு. இதுக்குன்னு சொல்லாத, எனக்கு அவமானமா கீது."

ஆனால் செய்தார் பாருங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை. முக்கால் அங்குல ப்ளைவுட். ஜாய்ஸ்டிக் உட்காரும் தகட்டைச் சனத்நகரில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து வளைத்து வாங்கினார். ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்ட வளையம். அந்தப் பெட்டி நாளைக்கே நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் நாக்பூர் போகப்போகிறது என்பதுபோல ஒவ்வொரு முடுக்கும். கதவு சேரும் இடமெல்லாம் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டினார். "தூசு ஒண்ணுதான் மாப்ள எதிரி. தண்ணி ரெண்டாவது. இது ரெண்டும் உள்ள பூராம மூடிட்டா நாப்பது வருசம் ஓடும்."

கடைசியில் ஒரு குட்டி டப்பாவில் சிவப்பு பெயின்ட் எடுத்தார். முடுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் பலகையிலுமாகச் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். ஸ்க்ரூ துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டறையில் அதுதான் கையெழுத்தாம். கோடு போட்டவன்தான் அதைத் திறக்கவேண்டும். வேறு யாரும் கை வைப்பதில்லை. வைத்தால் அது முகத்தில் அடித்த மாதிரி. அந்தக் கோடுகளை நாங்களும் அப்படியே மதித்தோம். சங்கு, சக்கரம் போட்ட சன்னதிக் கதவைப்போல.

முதல் முறை மின்சாரம் கொடுத்தபோது மூன்று பேரும் பெட்டியின் முன்னால் நின்றோம். புனேயிலிருந்து மகளும் போனுக்குள் நின்றாள். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்துகள் மழைபோல மேலிருந்து ஓடின. பிறகு திடீரென்று விண்வெளி. பாறைகள் விழுகின்றன, கீழே ஒரு கப்பல், விரல் நுனியளவு. பழைய டியூப் திரையின் கோடுகள்கூடத் தெரிந்தன. அப்படிக் காட்டும் ஒரு ஒப்பனையை மகள் ஏற்றிவிட்டிருந்தாள். என் மனைவி வாயைத் திறந்தபடி நின்றாள். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் அவள் சிறுமியாக இருந்தபோது இப்படி ஒரு பெட்டி இருந்ததாம். பையன்கள் சுற்றி அடைத்துக்கொண்டு நிற்பார்களாம். அவள் பார்த்ததெல்லாம் முதுகுகளைத்தான். "உள்ள இதான் ஓடிட்டிருந்துச்சா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"ஹவ். ஆமா, இதான்" என்றார் அவர், ஏதோ தப்புச் செய்துவிட்ட குரலில்.

முதல் நாட்களில் கப்பல் நொடியில் வெடித்தது. கட்டைவிரல் வராது, அவள் மணிக்கட்டை வைத்துத் தள்ளப் பார்ப்பாள், வலிக்கும், வெடிக்கும். ஆனால் ஆச்சரியம், எழுந்து போகமாட்டாள். காலை பதினோரு மணிக்குச் சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்தால் மதியம்வரை. அரைமணி நேரம் தாண்டும்போது ஒன்று நடக்கும். பாறைகள் இறங்கும் வேகத்தில் ஒரு நிதானம் வரும். பாட்டு கொஞ்சம் இழுக்கும். கப்பல் வழுக்காமல் நகரும். அவள் உடம்பு முன்னால் சாய்ந்து, தோள் இறங்கி, கட்டைவிரல் மெல்ல, மிக மெல்ல, வெளியே விரியும்.

"இப்போதான் எனக்குப் புரியுது" என்பாள். "முதல்ல பயத்துல வேகமாத் தெரியுது. பழகப் பழக எல்லாம் மெதுவாயிடுது. ஊசியும் இப்படித்தான். புதுசா வர்ற பொண்ணுங்க நரம்பு ஓடுது, ஓடுதுன்னு சொல்லுவாங்க. எனக்கு எப்பவும் நின்னுட்டுத்தான் இருக்கும்."

நான் பின்னால் நடந்துகொண்டே கேட்பேன். கேட்டுக்கொண்டே நடப்பேன். கை பழகினால் காலமே மெதுவாகும் என்பது எனக்கு அப்போது உலகத்திலேயே பெரிய செய்தியாக இருந்தது. அதை என் நோட்டில் எத்தனை விதமாக எழுதிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நன்றாக ஆடும் நேரத்தில் திரையின் மூலையில் ஒரு சிவப்புத் தெர்மாமீட்டர் தோன்றும். "பாத்தீங்களா, குடுத்துட்டான்" என்பாள். நல்ல ஆட்டத்துக்கு வெகுமதி என்று இருவருமே நினைத்தோம். ஆஸ்பத்திரிக்காரிக்குத் தெர்மாமீட்டர் பரிசு கிடைத்ததில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சில நாள் அது பாதி நிரம்பியிருக்கும், சில நாள் முழுக்க. முழுக்க வந்த நாளில் சேமியா பாயசம் வைத்தாள்.

தசராவுக்கு மகள் வந்தாள். தெருவில் பதுகம்மா பண்டிகைக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பையைக்கூட இறக்காமல் அம்மாவின் பின்னால் நின்று பார்த்தாள். அம்மாவும் காட்டவேண்டும் என்றே ஆடினாள். நாற்பது நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம். ஒரு பாறைகூடத் தொடவில்லை.

"ஏமிட்டிதி, இன்த்த ஸ்லோகா உந்தி?" என்றாள் மகள்.

"இவ்ளோ ஸ்லோவா? என் கை வேகமாயிடுச்சுடி."

மகள் சிரித்துக்கொண்டே பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தாள். சிரிப்பு நின்றது. "அப்பா, ஹாத் லகாகே தேக்கோ." நான் தொட்டேன். இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்த துணிமாதிரி ப்ளைவுட் சுட்டது.

அப்புறம் அவள் சொன்னதைத்தான் நாங்கள் உட்கார்ந்து கேட்டோம். அந்தக் குட்டி அட்டைக்கு விசிறி கிடையாது. காற்றுத்தான் அதற்கு விசிறி. மாமா ரப்பர் பட்டை ஒட்டி மூடியதில் உள்ளே காற்றே போகவில்லை. டிவியின் சூடு, இதன் சூடு, டியூப் கோடு வரைகிற கூடுதல் வேலை. சூடு எண்பது டிகிரியைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எரிந்துபோகாமல் இருக்க. மூலையில் வருவது பரிசு இல்லை. காய்ச்சல்.

என்னை மன்னிக்கவேண்டும், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது வியப்புத்தான். நகத்தளவு கறுப்புச் சதுரம் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. நிற்கவில்லை, அலறவில்லை. இந்தச் சூட்டில் இவ்வளவுதான் முடியும் என்று கணக்காக, மெதுவாக, தன் வேலையை விடாமல் செய்கிறது. அதை வைத்த நாங்கள் யாரும் அதற்கு அந்தப் பாடத்தைச் சொல்லவில்லை. ஒரு மாதம் அது காய்ச்சலோடு கப்பல் ஓட்டியிருக்கிறது. நாங்கள் பாயசம் குடித்திருக்கிறோம்.

மனைவி ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையை வலது கையால் மூடிக்கொண்டாள்.

"அப்போ என் கை?" என்றாள்.

மகளுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. தோளில் கிடந்த பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மச்சான் சாயங்காலமே வந்தார். அவரே கோடு போட்ட ஸ்க்ரூக்கள், அவரேதான் திறந்தார். திறந்ததும் உள்ளேயிருந்து வந்த அனலை முகத்தில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தார்.

"கோச்சுக்குள்ள பேனலை மூடறப்போ மேல காத்துக்கு வழி வுடுவோம் மாப்ள. இதைப் பாத்ததும், இத்துனூண்டுக்கு இன்னா சூடு வரப்போவுதுன்னு வுட்டுட்டேன். சின்னதுன்னு நெனச்சுட்டேன், அதான்."

பின்பக்கம் இரண்டு வரிசை ஓட்டை போட்டார். கீழே காற்று வர, மேலே காற்றுப் போக. மகள் கணினியை ஓட்டிக் காட்டினாள். பாறைகள் கல்மாரியாகக் கொட்டின. அதுதான் அந்த விளையாட்டின் உண்மையான வேகம். மனைவி ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாள். பத்து நொடி. வெடித்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மஞ்சள் பந்தையும் தொடவில்லை. பில்லிங்குக்கு என்ன கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள் என்று யாரிடமோ போனில் விசாரிக்கும் சத்தம் கேட்டது. பால்கனியில் நடந்துகொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். நான் நிற்பது அபூர்வம்.

"செட்டிங்ஸ்ல ஸ்பீட கம்மி பண்ணித் தரேன்மா" என்றாள் மகள். ஊருக்குக் கிளம்பும் நாள், அதனால் தமிழில் பேசினாள்.

"நக்கோ. செட்டிங்ல கொறைச்சா அது எனக்காகப் பாவம் பாக்கற மாதிரி. எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்." பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, வேறு குரலில் கேட்டாள். "அது காய்ச்சல்ல ஓடறப்போ அதுக்கு ஏதாவது ஆவுமா? கெட்டுப்போவுமா?"

"ஆகாது. அதனாலதான் அது ஸ்லோ ஆகுது. அதுவே பாத்துக்கும்."

"ஓட்டையை மூடி மூடித் திறக்கற மாதிரி ஒண்ணு வேணும். மாமாவைக் கூப்பிடு."

மச்சான் ரயில் ஜன்னல் ஷட்டர்போலவே ஒன்று செய்து வந்தார். சாணளவு. மேலும் கீழும் வழுக்கும். எங்கே விட்டாலும் அங்கே நிற்கும். காற்று ஓட்டைகள்மேல் பொருத்தினார். இந்தத் தடவை சிவப்புக் கோடு போடவில்லை. மனைவி ஒரு பென்சிலால் ஷட்டரின் ஓரத்தில் ஆறு கோடு கிழித்தாள், சிரிஞ்சில் இருப்பதுபோல.

"இன்னா பாப்பா, மருந்தா குடுக்கப்போற அதுக்கு?" என்றார் மச்சான்.

"ஹவ். எனக்கும் அதுக்கும் சேத்து."

முதல் வாரம் ஷட்டர் முழுக்க மூடியிருந்தது. பெட்டியில் காய்ச்சல் ஏறும்வரை காத்திருந்து, தெர்மாமீட்டர் வந்த பிறகு உட்காருவாள். அடுத்த வாரம் ஒரு கோடு திறந்தாள். பாறைகள் ஒரு சிட்டிகை வேகம் கூடின. இரண்டு நாள் தோற்றாள், மூன்றாம் நாள் பிடித்துவிட்டாள். தோற்கும்போது திட்டுவாள். கப்பலைத் திட்டமாட்டாள், கட்டைவிரலைத்தான். "வாடா வெளியே, சோம்பேறி." நாலு நாளுக்கு ஒரு கோடு, ஆறு நாளுக்கு ஒரு கோடு. ஒரு தடவை நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குத் திரும்ப இறக்கினாள். அதற்காக முகம் வாடவில்லை. காய்ச்சல்காரருக்கு டோஸ் மாற்றுகிற முகம்.

நான் அவளைப் பார்த்தேனா, பெட்டியைப் பார்த்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மணிக்கட்டுக்குள் எட்டுக் குட்டி எலும்புகள், புளியங்கொட்டை அளவில். அவற்றைத் தாண்டிக் கட்டைவிரலுக்குப் போகும் ஒரு நூல். இந்தப் பக்கம் ஒரு பச்சை அட்டை, நகத்தளவு மூளை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஒன்று சோர்ந்தால் மற்றது காத்திருந்தது. நடுவில் ஒரு சாணளவு ஷட்டர்.

நவம்பர் மூன்றாவது வாரம் ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. பாறைகள் தம் சொந்த வேகத்தில் கொட்டின. அவள் முப்பது நொடியில் செத்தாள். மறுபடி ஆடி இரண்டு நிமிஷம் நின்றாள். அதோடு சுவிட்சை அணைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கையில் அவளுடைய சின்னப் பை. அக்கம்பக்கத்தில் நடக்கமுடியாத பெரியவர்களுக்கு ரத்தம் எடுக்க எப்போதும் வைத்திருப்பது.

"உக்காருங்க. நடக்காம உக்காருங்க. கையை நீட்டுங்க."

சாப்பாட்டு மேசையில் கையை வைத்தேன். ரப்பர் பட்டையைக் கட்டினாள். பஞ்சால் துடைத்தாள். இடது கட்டைவிரல் இறங்கி வந்து என் முழங்கை மடிப்புக்குக் கீழே தோலை இழுத்தது. இழுத்தது, நடுங்கியது, வழுக்கியது. ஊசி உள்ளே போய் எதையும் தொடவில்லை. எடுத்துவிட்டாள். பஞ்சு வைத்து அழுத்தினாள். அவள் நெற்றியில் வியர்வை.

"அடுத்த கை" என்றாள்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. கட்டைவிரலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். தோலுக்கடியில் என் நரம்பு நிற்கும் இடத்தை அந்த விரல் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. ஊசி எப்போது உள்ளே போனது என்று தெரியவில்லை. டியூபுக்குள் கருஞ்சிவப்பு எழுந்தது. என்னுடையதுதான், ஆனாலும் முன்பின் பார்த்திராத ஒன்றைப்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரம்பும்வரை அவள் கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருந்தது. நகம் வெளுத்து, அசையாமல்.

"மடக்காதீங்க. பஞ்சை அழுத்திப் புடிங்க."

பழக்கத்தில் டியூபை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினாள். பழக்கத்தில் பேனா எடுத்து அதில் என் பெயர், வயது, தேதி எழுதினாள். எழுதி முடித்ததும்தான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இடது கையில் பிடித்திருந்தாள்.

"திங்கக்கெழமை டியூட்டிக்குப் போறேன்" என்றாள். பிறகு, "எடுத்தது எடுத்தாச்சு, கொட்டுவானேன். கீழ லேப்ல குடுத்துடுங்க. ரொம்ப நாளாச்சு, உங்க சுகர் பாத்துடலாம்."